வேலூர் மியூசியத்துலேருந்து உங்க ஊர் ஏரிக்கரை வரைக்கும்: உள்ளூர் வரலாறு தேட ஆரம்பிக்கிறவங்களுக்கு

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை, இந்த நாலு மாவட்டத்துல எங்க இருந்தாலும் நாம எல்லாம் பழைய வட ஆற்காட்டுக்காரங்கதான். நம்ம பசங்க பானிபட் போர் தேதிய மனப்பாடமா சொல்லுவாங்க, ஆனா தக்கோலத்துல 949ல நடந்த சண்டையில ஒரு சோழ இளவரசன் யானை மேல இருந்தபடியே செத்துப்போனான்னு அரக்கோணத்துப் பிள்ளைங்களுக்கே தெரியாது, இது எனக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்துற விஷயம். இத மாத்த பெரிய படிப்பெல்லாம் வேணாம், கிளாஸ்ரூமும் மியூசியமும் ஊரும் மூணும் ஒண்ணோட ஒண்ணு பேசணும், அவ்ளோதான். அத எப்படி பண்றதுன்னு புதுசா வர்ற டீச்சருங்க, காலேஜ் பசங்க, பிள்ளைங்கள கூட்டிட்டுப் போற அப்பா அம்மா எல்லாருக்கும் சேர்த்து எழுதுறேன்.

முதல்ல வீட்டுப் பெட்டிய திறங்க

மியூசியத்துக்கு உடனே கிளம்பாதீங்க. பசங்ககிட்ட வீட்டுல இருக்குற பழைய காகிதம் ஏதாவது ஒண்ணு பார்த்துட்டு வரச் சொல்லுங்க, நிலப் பத்திரம், பழைய ரேஷன் கார்டு, தாத்தாவோட ஸ்கூல் சர்டிபிகேட், கல்யாணப் பத்திரிகை, எதுவா இருந்தாலும் ஓகே. ஒரிஜினல கிளாஸுக்கு கொண்டுவர வேணாம், அதுல போட்டிருக்குற மாவட்டத்துப் பேரையும் வருஷத்தையும் மட்டும் நோட்டுல எழுதிட்டு வந்தா போதும். எல்லாத்தையும் போர்டுல வருஷ வரிசையா எழுதுங்க, அப்பதான் சுவாரஸ்யமே ஆரம்பிக்கும்.

ஒருத்தன் வீட்டுல "வட ஆற்காடு ஜில்லா"ன்னு இருக்கும், இன்னொருத்தி வீட்டுல "வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்"னு இருக்கும், அடுத்தது வேலூர், அதுக்கு அப்புறம் வந்த ஆதார்ல ராணிப்பேட்டையோ திருப்பத்தூரோ இருக்கும், ஆனா வீடு என்னமோ அதே தெருவுல அதே இடத்துலதான் நிக்குது. அப்ப சொல்லுங்க, 1911 வரைக்கும் இந்த ஜில்லாவுக்கு தலைமையிடமே சித்தூர்தான், சித்தூர் தனி ஜில்லாவா போனப்புறம்தான் வேலூருக்கு அந்த இடம் வந்துச்சு, 1989ல திருவண்ணாமலைப் பக்கம் தனியா பிரிஞ்சது, 2019ல வேலூரையும் மூணா பிரிச்சாங்க. எல்லைன்னா ஆளுங்க போட்ட கோடு, அது மாறும்ங்கிறது பசங்களுக்கு இந்த ஒரு பீரியட்லயே புரிஞ்சிடும். அதோட இனிமே எந்தப் பழைய புத்தகத்துல நம்ம ஊரத் தேடணும்னாலும் எந்த மாவட்டத்துப் பேர்ல தேடணும்னு தெரிஞ்சிடும், இது பின்னாடி ரொம்ப உதவும்.

அப்புறம் பாடப் புத்தகம்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல்ல வேலூர் புரட்சி இருக்கு. நிறைய பேர் அத 5 மார்க் கேள்வியா பார்த்துட்டு விட்டுடுறாங்க. அப்படி விடாதீங்க, நம்ம ஊருல நடந்தது புத்தகத்துல வந்திருக்கு, இதவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

1806 ஜூலை 10, விடியறதுக்கு முன்னாடி கோட்டைக்குள்ள இருந்த இந்தியச் சிப்பாய்ங்க எழுந்தாங்க. புதுசா கொடுத்த தலைப்பாகையில தோல் வச்சிருந்தது, நெத்தியில குறி போடக்கூடாது, தாடிய எடுக்கணும்னு உத்தரவு, இதெல்லாம் உடனடி காரணம். கோட்டைக்குள்ள திப்பு சுல்தான் குடும்பத்த வச்சிருந்தாங்க, முதல் நாள்தான் திப்புவோட மகள் ஒருத்தருக்கு கல்யாணம். கோட்டைய பார்த்துக்கிட்டிருந்த பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் ஃபேன்கோர்ட் செத்தாரு, கோட்டையில மைசூர்க் கொடி ஏறுச்சு. தகவல் ஆற்காட்டுக்குப் போயி அங்க இருந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோட காலையிலேயே வந்து சேர்ந்துட்டாரு, அன்னைக்கு மதியத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு, நூத்துக்கணக்கான சிப்பாய்ங்க கொல்லப்பட்டாங்க. அப்புறம் மெட்ராஸ் கவர்னர் பென்டிங்க், தளபதி கிரடாக் ரெண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டாங்க, திப்பு பிள்ளைங்கள கல்கத்தாவுக்கு அனுப்பிட்டாங்க.

இத சொல்லி முடிச்சதும் பதில எழுதச் சொல்லாதீங்க, கேள்விய எழுதச் சொல்லுங்க. ஒவ்வொருத்தரும் ஒரே ஒரு கேள்வி. ஆற்காட்டுலேருந்து இவ்ளோ சீக்கிரம் எப்படி வந்தாங்க, எந்த வழியா வந்தாங்க, சிப்பாய்ங்க எந்த ஊர்க்காரங்க, அவங்க பேரு என்ன, அவங்க பொண்டாட்டி பிள்ளைங்க எங்க இருந்தாங்க, இப்படி வரும். "இதுக்கெல்லாம் பதில் தெரியாதே"ன்னு டீச்சர் பயப்பட வேணாம். கேள்வி கையில இருந்தாதான் மியூசியத்துல கண்ணு வேலை செய்யும், கேள்வி இல்லாம போனா கண்ணாடிப் பெட்டியில தன் மூஞ்சியப் பார்த்துட்டு வந்துடுவாங்க.

இந்த இடத்துல இன்னொரு விஷயத்தையும் பேசுங்க. ஃபேன்கோர்ட்டோட மனைவி அமீலியா அன்னைக்கு ராத்திரி குழந்தைங்களோட எப்படி ஒளிஞ்சு தப்பிச்சாங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. ஆனா ஒரு சிப்பாயோட மனைவி எழுதினது நமக்கு ஒண்ணும் கிடைக்கல. சிப்பாய்ங்க தரப்பு நமக்கு வர்றது பெரும்பாலும் அவங்கள விசாரிச்சவங்க எழுதின காகிதத்து வழியாத்தான். யார் எழுதினது, யார் எழுத முடியாம போச்சு, இத பத்தாங்கிளாஸ் பிள்ளைங்க நல்லாவே புரிஞ்சுக்குவாங்க, அவங்க வயசுக்கு இது அதிகம்னு நினைக்கிறது நம்ம தப்பு.

போறதுக்கு முன்னாடி ரெடி பண்ண வேண்டியது

இது சுருக்கமாவே சொல்றேன். வேலூர் கோட்டைக்குள்ள ரெண்டு மியூசியம் இருக்கு, ஒண்ணு தமிழ்நாடு அரசோட அருங்காட்சியகம், இன்னொண்ணு மத்திய தொல்லியல் துறையோடது. அரசு மியூசியத்துக்கு பொதுவா வெள்ளிக்கிழமையும் ரெண்டாவது சனிக்கிழமையும் லீவு, அரசு விடுமுறையும் பார்த்துக்குங்க, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ கேட்டு உறுதி பண்ணிக்கிறது நல்லது. ஸ்கூல் லெட்டர்பேடுல காப்பாட்சியருக்கு ஒரு லெட்டர் கொடுங்க, எந்த வகுப்பு, எத்தன பேரு, எந்தப் பாடத்துக்காக வர்றோம்னு தெளிவா எழுதுங்க, முன்னாடியே சொல்லிட்டு வர்ற ஸ்கூலுக்கு நின்னு விளக்கம் சொல்ல அவங்களுக்கும் நேரம் இருக்கும். போட்டோ எடுக்கலாமான்னு வாசல்லயே கேட்டுடுங்க. பசங்க கையில பென்சில், நோட்டு, தண்ணி பாட்டில் போதும். வெயில் காலத்துல காலையிலேயே போயிடுங்க, வேலூர் வெயில் பத்தி நான் சொல்லத் தேவையில்ல.

வேலூர்ல பஸ் எந்தப் பக்கம் இறங்கினாலும் "கோட்டை"ன்னு சொன்னா கொண்டு வந்து விட்டுடுவாங்க, அதனால வழி பத்தி கவலை வேணாம்.

உள்ள போனதும் ஒரே ஒரு பொருள்

எல்லாத்தையும் பார்க்கணும்ங்கிற ஆசைய விட்டுடுங்க. முதல் பத்து நிமிஷம் சும்மா ஒரு ரவுண்டு வரட்டும், அதுக்கப்புறம் ஆளுக்கு ஒரு பொருள தேர்ந்தெடுத்து அது முன்னாடியே உக்காரணும். முதல்ல படம் வரையணும், அழகா வரையணும்னு அவசியமே இல்ல, வரையும்போதுதான் கண்ணு ஒழுங்கா பார்க்கும். லேபிள கடைசியாத்தான் படிக்கணும், இந்த ஒரு ரூல மட்டும் கண்டிப்பா வச்சுக்குங்க. லேபிள முதல்ல படிச்சா அத அப்படியே காப்பி பண்ணிட்டு நகர்ந்துடுவாங்க.

வரைஞ்சு முடிச்சதும் கேக்குறதுக்கு அஞ்சு கேள்வி போதும்: எதுல செஞ்சது? எப்படி செஞ்சிருப்பாங்க? எங்க தேஞ்சிருக்கு, எங்க உடைஞ்சிருக்கு? யார் கையில இருந்திருக்கும்? இங்க எப்படி வந்து சேர்ந்துச்சு? மூணாவது கேள்விதான் என்னைப் பொறுத்தவரை ரொம்ப முக்கியம். தேஞ்ச இடம் கை பட்ட இடம், அங்க ஒரு மனுஷன் இருந்தான்.

வேலூர் அரசு மியூசியத்துல எங்க நிக்கலாம்னு கேட்டா, முதல்ல வெண்கல வாள். பிடியோட முனையில பூச்சி மீசை மாதிரி ரெண்டு கொம்பு பிரிஞ்சு நிக்கும், கி.மு. 400 வாக்குலன்னு கணக்கு சொல்றாங்க. நம்ம மண்ணுல அவ்ளோ காலத்துக்கு முன்னாடியே உலோகம் உருக்கி ஊத்துற ஆள் இருந்திருக்கான், இல்லன்னா அத வாங்குற அளவுக்கு வசதியான ஆள் இருந்திருக்கான், ரெண்டுல எதுன்னு பசங்களே விவாதிக்கட்டும். அடுத்தது பல்லவர் கடைசி காலத்துலேருந்து விஜயநகரம் வரைக்கும் இருக்குற கல் சிற்பங்கள், ரெண்ட பக்கத்துல பக்கத்துல வச்சு நகை, கிரீடம், துணி மடிப்பு இத மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தா காலம் மாற மாற சிற்பியோட கை எப்படி மாறுதுன்னு தெரியும்.

அப்புறம் கண்டி ராஜாவோட தந்த சதுரங்கப் பலகை. இலங்கையில கண்டிய ஆண்ட கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1815ல பிரிட்டிஷ்காரங்க பிடிச்சு அடுத்த வருஷம் குடும்பத்தோட வேலூர்க் கோட்டைக்கு கொண்டு வந்துட்டாங்க. 1832 ஜனவரி 30ல சாகுற வரைக்கும் இங்கதான், பதினஞ்சு வருஷத்துக்கு மேல. அந்தப் பலகை முன்னாடி ஒரு ஏழாங்கிளாஸ் பொண்ணு ரொம்ப நேரம் நின்னுட்டு, "அக்கா, இவரு யாரு கூட வெளையாடியிருப்பாரு?"ன்னு கேட்டா. எனக்கு அந்தக் கேள்விக்கு மேல ஒண்ணும் சொல்லத் தோணல. ஜெயில்ல இருக்குற ராஜாவுக்கு எதிர்ல உக்கார்ந்து ஆடுற ஆள் யாரு, பொண்டாட்டியா, வேலைக்காரரா, காவலுக்கு நிக்கிற அதிகாரியா? இந்த மாதிரி ஒரு கேள்வி வந்துட்டா அன்னைக்கு மியூசியம் போனது சக்சஸ். மறக்காம அவரோட சமாதியையும் பார்த்துட்டு வாங்க, பாலாத்தங்கரையில முத்து மண்டபம்னு கேட்டா சொல்லுவாங்க. இன்னைக்கு இலங்கைக் கொடியில இருக்குற சிங்கம் இவரோட கொடியிலேருந்து வந்ததுன்னு அங்க நின்னு சொல்லுங்க, பசங்க மூஞ்சியப் பாருங்க அப்ப.

கோட்டையே ஒரு மியூசியம்தான்

வெளிய வந்ததும் பஸ் ஏறிடாதீங்க. 133 ஏக்கர் கோட்டை, 16ம் நூற்றாண்டுல விஜயநகரப் பேரரசுக்கு அடங்கி இருந்த சின்ன பொம்மி நாயக்கர் காலத்துல கட்டினது. பீஜப்பூர்காரங்க, மராட்டியர், முகலாயர், ஆற்காட்டு நவாப், கடைசியா கம்பெனின்னு கை மாறிக்கிட்டே வந்திருக்கு. ஒரே மதிலுக்குள்ள கோயில், மசூதி, சர்ச்சு மூணும் இருக்கு, பசங்கள ஒரு கை வரைபடம் போட்டு எது எங்க இருக்குன்னு குறிக்கச் சொல்லுங்க.

ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்கு குறைஞ்சது அரை மணி நேரம் ஒதுக்குங்க, ஒவ்வொரு தூணும் ஒரு பாடம். இந்தக் கோயில் பல தலைமுறையா மூலவர் இல்லாம பூஜை இல்லாம கிடந்துச்சு, 1981லதான் சத்துவாச்சாரியில இருந்த லிங்கத்த கொண்டு வந்து வச்சாங்க. இது பாட்டி தாத்தா கண்ணால பார்த்த வரலாறு. "அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க, கூட்டம் எப்படி இருந்துச்சு, அதுக்கு முன்னாடி கோட்டைக்குள்ள எதுக்குப் போவீங்க?"ன்னு வீட்டுல கேட்டு எழுதச் சொன்னா ஒவ்வொரு பிள்ளையும் ஒரு புது ஆதாரத்தோட வருவாங்க.

நேரம் இருந்தா 1806 தடம் மூணையும் நடந்தே பார்த்துடலாம். மக்கான் பக்கத்துல சிப்பாய்ங்களுக்காக 1998ல வச்ச நினைவுத்தூண், கோட்டைக்கு வெளிய இருக்குற பழைய ஐரோப்பியர் கல்லறைத் தோட்டத்துல 69வது ரெஜிமென்ட்ங்கிற பிரிட்டிஷ் படை சோல்ஜருங்களுக்கு வச்ச நினைவுச் சின்னம், ஹைதர் திப்பு குடும்பத்துப் பெண்களோட கல்லறைகள். ஒரே சம்பவம், மூணு பக்கத்து துக்கம். மூணையும் ஒரே நாள்ல பார்த்த பிள்ளைக்கு வரலாறுன்னா ஒரு பக்கத்துக் கதைன்னு இனிமே யாரும் சொல்லி ஏமாத்த முடியாது.

கல்வெட்டு: பயப்படாம கிட்ட போங்க

கல்வெட்டுன்னாலே "அதெல்லாம் நமக்குப் புரியாது"ன்னு ஒதுங்கிடுறோம். முழுசா படிக்க வருஷக்கணக்கா பயிற்சி வேணும், ஒத்துக்கிறேன், ஆனா தொடங்குறவங்க நாலு விஷயம் மட்டும் தேடினா போதும். ஆரம்பத்துல "ஸ்வஸ்தி ஸ்ரீ" இருக்கான்னு பாருங்க, அடுத்து ராஜா பேரு, அவர் ஆட்சிக்கு வந்து எத்தனாவது வருஷம்னு சொல்ற "யாண்டு", அப்புறம் ஊர்ப் பேரு. கிளாஸ்ல ஒரு வாரம் தமிழ் எண்கள் ௧, ௨, ௩ல ஆரம்பிச்சு ௰, ௱ வரைக்கும் பழகிட்டா பசங்க கோயில் சுவத்துல தானே எண்ண கண்டுபிடிச்சு கத்துவாங்க.

ஒரு நாள் ட்ரிப்புக்கு நான் சொல்ற ரூட்டு காட்பாடி தாண்டி பொன்னை ஆத்து ஓரமா திருவலம், மேல்பாடி, வள்ளிமலை. திருவலம் ஒரு காலத்துல வாணர்கள்ங்கிற அரச வம்சத்துக்கு தலைநகரா இருந்த வாணபுரம். மேல்பாடியில ராஜராஜ சோழன் தன்னோட தாத்தா அரிஞ்சயனுக்காக எழுப்பின பள்ளிப்படை, அதாவது இறந்தவங்க நினைவா கட்டுற கோயில் இருக்கு, தஞ்சாவூர் பெரிய கோயில் கட்டின அதே ராஜா நம்ம ஊரு பக்கத்துல தாத்தாவுக்கு சின்னதா ஒரு கோயில் கட்டியிருக்காரு, அத போய் பார்க்க ஆளில்ல. வள்ளிமலையில சமணர் சிற்பங்களும் கங்க மன்னன் ராஜமல்லன் கல்வெட்டும் பாறையிலேயே இருக்கு.

பெங்களூர் ரோட்டுப் பக்கம்னா விரிஞ்சிபுரம். எல்லாரும் நிழல வச்சு மணி பார்க்குற கல்லப் பார்த்துட்டு வந்துடுவாங்க, அது நல்ல விஷயம்தான், பசங்களோட கைக்கடிகாரத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. ஆனா அங்க கோபுரத்துக்கு உள்பக்கம் இருக்குற ஒரு கல்வெட்டு அதவிடப் பெரிய விஷயம். விஜயநகர தேவராயர் காலம், சுமார் 1425. படைவீட்டு ராஜ்ஜியத்துல இருந்த பிராமணர்கள், தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுறவங்க எல்லாம் சேர்ந்து, இனிமே பொண்ணு கொடுக்கும்போது பொன் வாங்கக்கூடாது, பொன் கொடுத்து கட்டவும் கூடாது, கன்னிகாதானமாத்தான் கல்யாணம் பண்ணணும்னு கையெழுத்து போட்டு வச்ச ஒப்பந்தம். கல்யாணத்துல பணம் கை மாறுறது பத்தி 600 வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஊருல கூடிப் பேசி கல்லுல வெட்டியிருக்காங்க, இத பிளஸ் டூ பொண்ணுங்ககிட்ட சொல்லிப் பாருங்க, அன்னைக்கு கிளாஸ் மணி அடிச்சாலும் முடியாது.

திருவண்ணாமலைப் பக்கத்து ஆளுங்கன்னா செங்கம் சுத்து வட்டாரத்து நடுகற்கள், அதாவது சண்டையில செத்த வீரனுக்கு நட்டு வச்ச கல்லுங்க. எடுத்தனூர்ல மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒண்ணு, எருமை மந்தைய காக்கப் போய் செத்த கருந்தேவக்கத்திங்கிற வீரனுக்கு வச்சது. கூடவே அவனோட நாயும் செதுக்கியிருக்கு, அதுக்கு கோவிவன்னு பேரும் எழுதி, ரெண்டு கள்ளனைக் கடிச்சுக் காத்து நின்னுச்சுன்னும் வெட்டியிருக்காங்க. 1400 வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாயோட பேரு நமக்குத் தெரியுது. சின்னப் பசங்களுக்கு நடுகல் பாடம் எடுக்கணும்னா இங்கேருந்துதான் ஆரம்பிக்கணும். உங்க ஊரு வேடியப்பன் கோயில் கல்லும் இப்படி ஒரு நடுகல்லா இருக்கலாம், சாமியா கும்பிடுற இடம்கிறதால செருப்பக் கழட்டிட்டு, பூசாரிகிட்ட "ஐயா, கிட்ட போய் பார்க்கலாமா"ன்னு கேட்டுட்டுப் போங்க.

கல்லு மேல சுண்ணாம்பு, சாக்பீஸ், எண்ணெய், மாவு எதையும் பூசாதீங்க, எழுத்து நல்லா தெரியும்னு யார் சொன்னாலும் வேணாம், கல்லு கெட்டுப்போயிடும். காலையில எட்டு மணிக்குள்ள இல்லன்னா சாயங்காலம் வெயில் சாஞ்சு விழும்போது போட்டோ எடுங்க, இருட்டான மண்டபம்னா டார்ச்ச பக்கவாட்டுல பிடிங்க, எழுத்து தானா எழும்பி நிக்கும். கல்வெட்டு மேல காகிதம் ஒட்டி மை தடவி எழுத்த பதிவு பண்ற மைப்படி எடுக்குறதெல்லாம் அனுமதியோட தெரிஞ்சவங்க பண்ற வேலை.

பெரியவங்க சொல்றத எழுதும்போது

வேலூர்ல யாரக் கேட்டாலும் கோட்டையிலேருந்து விரிஞ்சிபுரத்துக்கு சுரங்கம் இருக்குன்னு சொல்லுவாங்க. தொல்லியல் துறையினர் தேடிப் பார்த்து அதுக்கு ஆதாரம் கிடைக்கல. அதுக்காக சொன்ன தாத்தாகிட்ட "பொய்"னு சண்டை போடக்கூடாது. நோட்டுல ரெண்டு பக்கம் பிரிங்க, இடது பக்கம் "கண்ணால பார்த்தது", வலது பக்கம் "கேள்விப்பட்டது". சுரங்கம் வலது பக்கம் போகும், 1954ல குடியாத்தம் இடைத்தேர்தல்ல காமராஜர் நின்னப்ப ஓட்டு கேட்டு வந்தத பார்த்தேன்னு ஒரு பாட்டி சொன்னா அது இடது பக்கம் வரும். வாணியம்பாடிப் பக்கம் 1903ல பாலாத்துல வந்த வெள்ளத்த பத்தி கேட்டா, பார்த்தவங்க யாரும் இப்ப இல்ல, ஆனா பார்த்தவங்ககிட்ட கேட்டவங்க கொஞ்சம் பேர் இருக்காங்க, அத அப்படியே "எங்க அம்மா சொன்னது"ன்னு குறிச்சுக்கணும்.

பேட்டி எடுக்க போறப்ப பெரிய கேள்வி கேக்காதீங்க. "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு?"ன்னா "நல்லா இருந்துச்சுப்பா"ன்னு முடிஞ்சிடும். ஆம்பூர்ல தோல் ஷாப்புல வேலை பார்த்தவர்கிட்ட "முதல் நாள் என்ன வேலை கொடுத்தாங்க, எந்த நேரத்துக்கு சங்கு ஊதும், சாப்பாடு எங்க சாப்பிடுவீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க, பேச்சு அருவியா வரும். ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க, வேணாம்னு சொன்னத எழுதாதீங்க.

ஊருல ஏதாவது கிடைச்சா

திருப்பத்தூர் பக்கத்துல பையம்பள்ளியில 1960கள்ல தோண்டினப்ப புதிய கற்காலத்து மக்கள் வாழ்ந்த இடம் கிடைச்சுது, வழவழன்னு தேய்ச்ச கற்கோடாரி எல்லாம் எடுத்தாங்க. அதனால ஏர் ஓட்டும்போது, ஏரி தூர் வாரும்போது, வீட்டுக்கு கடக்கால் எடுக்கும்போது கறுப்பு சிவப்பு பானை ஓடு, முதுமக்கள் தாழி, பழைய காசு கிடைக்கிறது நம்ம பக்கம் அதிசயம் இல்ல. கிடைச்சா தோண்டாதீங்க, கழுவாதீங்க. இருந்த இடத்துலேயே பக்கத்துல ஒரு ஸ்கேலோ பேனாவோ வச்சு போட்டோ எடுத்துட்டு விஏஓகிட்டயோ தாசில்தார் ஆபீஸ்லயோ சொல்லுங்க, 1878ல வந்த புதையல் சட்டப்படி தெரியப்படுத்தணும். பொருள விட அது கிடந்த இடமும் ஆழமும்தான் ஆராய்ச்சி பண்றவங்களுக்கு பெரிய தகவல், வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டா அது அங்கேயே செத்துடும்.

திரும்ப கிளாஸுக்கு

ட்ரிப் முடிஞ்சு வந்த அடுத்த பீரியடே உக்காரணும், ஒரு வாரம் தள்ளினா பாதி மறந்துடும். பசங்க எழுதின கேள்வி, வரைஞ்ச படம், பாட்டி சொன்னது எல்லாத்தையும் சார்ட்ல ஒட்டி கிளாஸ்ரூம்லயே ஒரு சின்ன மியூசியம் வைங்க, ஒவ்வொரு படத்துக்கும் கீழ பிள்ளைங்களே லேபிள் எழுதட்டும், மியூசியத்துல இருக்குற லேபிள்ல எது இல்லன்னு அவங்களுக்குத் தோணுச்சோ அத எழுதச் சொல்லுங்க. பேட்டி கொடுத்த தாத்தா பாட்டிங்கள கூப்பிட்டு முதல் வரிசையில உக்கார வைங்க. நோட்டுகள எடைக்குப் போட விடாதீங்க, ஸ்கூல் லைப்ரரியில ஒரு பீரோவுல வருஷவாரியா வைங்க, அடுத்த பேட்ச் பசங்க அதுலேருந்து தொடரலாம்.

எப்ப தொடங்கலாம்னா, ஸ்கூல் திறந்த ஜூன்லயே வீட்டுக் காகித வேலைய ஆரம்பிச்சுடுங்க. ஜூலை 10 அன்னைக்கு மக்கான் நினைவுத்தூண்ல மரியாதை செலுத்துவாங்க, அந்த வாரத்துல கோட்டைக்குப் போற மாதிரி தேதி வச்சுக்கிட்டா பாடமும் இடமும் நாளும் ஒண்ணா அமையும். மேல்பாடி வள்ளிமலைப் பக்கத்த மழை எல்லாம் ஓஞ்சு, பொங்கலுக்கு அப்புறம் வச்சுக்குங்க, பாறை ஏற வசதியா இருக்கும்.